செப்புக் கம்பியும் டி.எஸ்.எல். இணைப்பும்

தொலைபேசிக் கம்பி பேச்சுக்காக இடப்பட்டது. மனிதக் குரலை விளங்கிக் கொள்ளுதற்கு வேண்டிய பகுதி ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேட்ஸ் வரையுள்ள மீடிறன்களில் அடங்கிவிடும் எனக் கண்ட பொறியியலாளர், அவ்வளவிற்கே தம் நிலையங்களையும் கருவிகளையும் அமைத்தனர். இரு செப்புக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி ஓரிணையாக்கினால் அயற்கம்பிகளின் ஓசை அதனுட் புகுவது குறையும் என்னும் உபாயத்துக்கு அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1881ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றார். அத்தகைய இணைகள் நிலத்தின் கீழும் மரங்களின் மேலும் கோடிக்கணக்கிற் பரவின. நூறாண்டு கழிந்தபின், குரல் பயன்படுத்தாது விட்ட உயர் மீடிறன்களின் வழியே இணையத்தையும் அனுப்பலாம் என்று கண்டனர். கம்பி பழையது, அதன்மேல் ஏற்றிய சுமையோ புதிது. இவ்விரண்டுக்கும் இடையே நிகழும் ஓயாத இழுபறியே டி.எஸ்.எல். தொழிலின் வரலாறு முழுவதும் என்னலாம்.

அத்தொழிலிற் பயன்படும் உபகரணத்தை அமைத்தல், கண்காணித்தல், பழுதாய்தல் என்னும் மூன்றையும் பற்றி யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். ஒளியிழை வந்து செம்பை அகற்றிவரும் இக்காலத்தில் இஃது எற்றுக்கு என மாணவர் சிலர் வினவக்கூடும். செம்பு எவ்விடத்திலும் ஒரே நாளில் அகன்றுவிடுவதில்லை. பிரித்தானியாவில் 2025இன் இறுதியிலே பழைய தொலைபேசிச் சேவையை நிறுத்திவிடக் கருதியிருந்தவர்கள், முதியோரின் வீடுகளிலுள்ள அவசர அழைப்புக் கருவிகள் அதனையே நம்பியிருத்தலை உன்னி, 2027 ஜனவரி இறுதிக்கு அதனைத் தள்ளிவைத்தனர். கடைசிவரை செம்பில் எஞ்சி நிற்போர் பெரும்பாலும் தூரத்துக் கிராமத்தாரும் முதியோரும் வசதி குறைந்தோருமே. அவர்களுடைய கம்பியைப் பார்க்கத் தெரிந்தோரின் தொகையோ ஆண்டுதோறுங் குறைந்து வருகின்றது. கலை மறையுமுன் அதன் பயனாளர் மறையாமையின் இதனைச் சிலரேனும் அறிந்திருத்தல் நன்று.

முதற்கண் கம்பியினுள் நிகழ்வது யாதெனக் காண்பாம். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலுள்ள பெல்கோர் ஆய்வகத்தில் ஜோசப் லெக்லைடர் என்பார், இரு திசைக்கும் ஒரே வேகத்தைக் கொடாது, வீட்டை நோக்கி வருந் திசைக்கு மிகுதியும் வீட்டிலிருந்து போகுந் திசைக்குக் குறைவுமாகப் பங்கிடலாம் என்று காட்டினார். இதன் காரணம் நுட்பமானது. தொலைபேசி நிலையத்தில் ஆயிரம் இணைகள் ஒருங்கே நெருங்கிக் கிடக்கின்றன. ஓரிணையில் நிலையம் உரக்க அனுப்புங் குறி, அயலிணையில் நெடுந்தூரம் நடந்து மெலிந்துவருங் குறியை விழுங்கிவிடும். இரு திசைக்கும் வெவ்வேறு மீடிறன்களை ஒதுக்கிவிட்டால் அத்தொல்லை பெரிதுங் குறையும். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜோன் சியோஃபியும் அவர்தம் குழுவினரும், ஒதுக்கிய மீடிறன் வெளியைப் பல நூறு சிற்றோடைகளாகப் பிரித்து ஒவ்வோரோடையிலும் அதனால் இயன்ற சுமையை மாத்திரம் ஏற்றும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். 1995இல் அமெரிக்கத் தரமாகவும் 1999இல் அனைத்துலகத் தரமாகவும் இம்முறை ஏற்கப்பட்டது.

ஓடை ஒன்றின் அகலம் 4.3125 கிலோஹேட்ஸ். முதற்றரமான ஏ.டி.எஸ்.எல்.லில் இத்தகைய ஓடைகள் 256 உள. குரலுக்கு அடியிலுள்ள பகுதியை விட்டு, 26 கிலோஹேட்ஸ் அளவிலிருந்து 138 வரை போகுந் திசைக்கும், அங்கிருந்து 1104 வரை வருந் திசைக்கும் உரியன. 2003இல் வந்த ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் அவ்வெல்லையை 2208 ஆக்கி ஓடைகளை 512 ஆக்கிற்று. பின்னர் வந்த வி.டி.எஸ்.எல். 2 பல மெகாஹேட்ஸ் வரை ஏறிற்று; எனினும் தெருமுனைப் பெட்டிவரை ஒளியிழையைக் கொணர்ந்து, செம்பைச் சில நூறு மீற்றராகக் குறைத்தாலன்றி அவ்வேகம் வாய்ப்பதில்லை. ஒவ்வோரோடையும் செக்கனுக்கு 4000 முறை குறி மாறும். ஒரு முறைக்கு மிகக்கூடியது 15 பிற்று ஏற்றலாம். எனவே நல்ல ஓடை ஒன்று செக்கனுக்கு 60,000 பிற்று சுமக்கும். இரைச்சல் மிக்க ஓடை இரண்டு பிற்றுக்கே திணறும். சில ஓடைகள் ஒன்றுஞ் சுமவாது வெறிதே கிடக்கும். மோடமும் நிலையத்து உபகரணமும் முதன்முதற் கைகோக்கும் அரை நிமிடமளவில் ஓடை ஓடையாகத் தட்டிப்பார்த்து இப்பங்கீட்டை நிகழ்த்துகின்றன. இக்கைகோப்பைத் தொழிலாளர் ‘சிங்க்’ என்பர். யாம் இசைவு என்போம்.

மீடிறன் உயர உயரக் கம்பியிற் குறியின் மெலிவு கூடும். தூரம் கூடக் கூட அதுவுங் கூடும். ஆதலின் தூரத்து வீட்டாருக்கு உயர் ஓடைகள் முதலில் அழியும். நிலையத்துக்கு அண்மையில் இருப்பவர் 20 மெகாபிற்றுக்கு மேற் பெற, ஐந்து கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளவர் ஓரிரண்டு மெகாபிற்றோடு அமைய வேண்டியிருப்பது இதனாலாகும். இஃது இயற்கையின் விதி. எவ்வமைப்பாலும் கடக்க முடியாதது. விதியால் வந்த குறையையும் பழுதால் வந்த குறையையும் பிரித்தறிவதே இத்தொழிலின் அரைப் பங்கு.

நிலையத்திலோ தெருமுனைப் பெட்டியிலோ இருக்கும் உபகரணத்துக்கு டீஸ்லாம் என்பது பெயர். இருபத்துநான்கு, நாற்பத்தெட்டு எனச் சந்தாதாரர் கம்பிகளை ஏற்கும் அட்டைகள் அதில் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். அனைவருடைய போக்குவரத்தையும் ஒன்றுசேர்த்து மேலுள்ள வலையமைப்புக்கு அனுப்பும் பெருவழி ஒன்று உண்டு. குரலையும் இணையத்தையும் பிரிக்கும் வடிகள் அருகே இருக்கும். இவ்வளவுதான் அதன் உடல். உயிர் என்பது அதனுள் எழுதப்படும் அமைப்பில் உள்ளது.

அமைப்பில் இரு பகுதிகள் உள. மேற்பகுதி, சந்தாதாரரின் போக்குவரத்து எந்தப் பாதை வழியே சென்று யாரிடம் அடையாளங் காட்ட வேண்டும் என்பது. பழைய ஏ.டி.எஸ்.எல்.லில் இப்பாதைக்கு இரு எண்கள் உண்டு. பிரித்தானியாவில் 0, 38 என்றும், இந்தியாவின் பி.எஸ்.என்.எல். இணைப்பில் 0, 35 என்றும், ஜேர்மனியில் 1, 32 என்றும் அவை வழங்கின. ஒரு நாட்டில் வாங்கிய மோடத்தை மற்றொரு நாட்டுக்குக் கொண்டு சென்றவர், இசைவு விளக்கு அசையாமல் எரிந்தும் இணையம் வராமைகண்டு மயங்கியமைக்கு இவ்வெண்களே பெரும்பாலுங் காரணம். கம்பி நலமாயிருக்கின்றது, கடிதத்தின் முகவரி மாத்திரம் பிழை. பிற்காலத்தில் இவ்வெண்களின் இடத்தை வீலான் எண்கள் பிடித்தன. இப்பகுதியிலுள்ள பிழை பெரும்பாலும் முழுப்பிழை. இணையம் வரும், அல்லது வராது. எனவே அதனைக் கண்டுபிடித்தல் எளிது.

கீழ்ப்பகுதியே நுண்ணிதாக நோக்கத்தக்கது. கம்பிக்கு எவ்வளவு வேகம், எவ்வளவு காப்பு, எவ்வளவு தாமதம் என்பவற்றை வகுக்கும் ஏட்டைப் புரொபைல் என்பர். அதில் தலையாய எண் மார்ஜின் என்பது. ஓடை ஒன்று ஏற்ற சுமையைப் பிழையின்றிச் சுமத்தற்கு வேண்டியதற்கு மேலாக வைத்திருக்கும் கைமிச்சம் அது. வழக்கமாக 6 தெசிபெல் வைப்பர். இரைச்சலின் வலு நான்கு மடங்காகும்வரை கம்பி தாங்கும் என்பது அதன் பொருள். வேகம் போதாதென்று சந்தாதாரர் முறையிடும்போது இக்கைமிச்சத்திற் கைவைப்பது எளிய வழியாகத் தோன்றும். அதன் பயன் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஓடைக்கு ஒரு பிற்று கூட்ட ஏறத்தாழ 3 தெசிபெல் வேண்டும். ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸில் வருந் திசை ஓடைகள் 480. அனைத்தும் உயிரோடிருந்தால், மார்ஜினை 6இலிருந்து 3 ஆக்குவதால் ஓடைக்கொரு பிற்றாகச் செக்கனுக்கு 19 இலட்சத்து 20 ஆயிரம் பிற்று கூடும். தூரத்து வீட்டுக் கம்பியிலோ நூறு ஓடையே உயிரோடிருக்கும். ஆங்குக் கிடைப்பது நான்கு இலட்சம் மாத்திரமே. அதற்கு அவர் கொடுக்கும் விலை, மழையிலும் மாலையிலும் இணைப்பு அறுந்து அறுந்து வருதல். வேகம் யாருக்கு மிக வேண்டியதோ அவருக்கே இவ்வழி மிகக் குறைந்த பயனைத் தருகின்றது. ஐந்து மெகாபிற்றில் நாள்முழுதும் நிற்கும் கம்பி, ஆறு மெகாபிற்றில் நாளுக்குப் பத்துமுறை விழும் கம்பியினும் மேலானது என்பதே எம் துணிபு. விளம்பரம் எழுதுவோர் இதற்கு உடன்படார்.

மற்றோர் எண் இன்டர்லீவிங் என்னும் முறைக்குரியது. அனுப்புந் தரவோடு பிழைதிருத்தும் எண்களையுஞ் சேர்த்தனுப்பும் முறையை இர்விங் றீட், கஸ்தாவ் சொலமன் என்னும் இருவர் 1960இல் வகுத்தனர். சில எழுத்துக்கள் கெட்டாலும் எஞ்சியவற்றைக்கொண்டு அவற்றை மீட்டுக்கொள்ளலாம். ஆனால் மின்விசிறி முடுக்கும்போதோ குளிர்ப்பெட்டி தொடங்கும்போதோ எழும் இரைச்சல், தொடர்ந்துள்ள பல எழுத்துக்களை ஒருங்கே கெடுத்துவிடும். ஏட்டுச் சுவடியில் ஓரிடத்தைச் செல் அரித்தால் ஆண்டுள்ள செய்யுள் முழுதும் போய்விடுகின்றது. அச்செய்யுளின் எழுத்துக்களைப் பல ஏடுகளிற் பரப்பி எழுதியிருந்தால் ஒவ்வொரு செய்யுளுக்கும் ஓரிரண்டெழுத்தே குறையும்; கற்றவர் அதனை நிரப்பிக்கொள்வர். இன்டர்லீவிங் இதனையே செய்கின்றது. பரப்பியவற்றை மீளச் சேர்க்கும்வரை காத்திருக்க வேண்டுமாதலின் சில மில்லிசெக்கன் தாமதம் நேரும். படம் பார்ப்பவருக்கு அஃது ஒரு பொருட்டன்று. இணையத்தில் விரைவு விளையாட்டு ஆடும் இளைஞருக்கு அது பெருங்குறை.

இனிக் கண்காணித்தல். டீஸ்லாம் ஓய்வின்றிக் கணக்கெழுதும் ஒரு கணக்கப்பிள்ளை. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பக்கமும் நாளுக்கு ஒரு பக்கமுமாக ஒவ்வொரு கம்பிக்கும் அது பதிவு வைக்கின்றது. திருத்த முடியாத பிழை ஒன்றேனும் நிகழ்ந்த செக்கனைப் பிழைச் செக்கன் என்றும், பதினெட்டோ அதற்கு மேலோ நிகழ்ந்த செக்கனைக் கடும்பிழைச் செக்கன் என்றும் அது எண்ணும். இசைவு எத்தனை முறை அறுந்தது, எத்தனை முறை மீண்டது என்பதும் அதிலுண்டு. மோடத்துக்கு வரும் மின்சாரம் நின்றுபோனால், அது சாகுமுன் ‘எனக்கு மின் நின்றது’ என்று ஒரு செய்தியை அனுப்பிவிடும். ‘இறுதி மூச்சு’ என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டிருக்கின்றனர். பொறியியலாளருட் கவிஞரும் உளர் போலும். இச்செய்தி பதிவில் இருந்தால், கம்பியைக் குறைகூற வேண்டா. வீட்டில் மின் நின்றது, அல்லது யாரோ ஆளியை அணைத்தனர் என்று கொள்க.

கணக்கின் தொகையினும் அதன் காலமே மிகுதியும் பேசும். நாள்முழுதும் ஒரே அளவாகப் பிழை தூவிக்கிடந்தால் மார்ஜின் போதாதென்க. மழை பெய்த மறுநாட் பிழை பெருகி, வெயிலில் வற்றினால் எங்கோ ஒரு பொருத்தில் நீர் புகுந்துள்ளது. தொலைபேசி மணி அடிக்குந்தோறும் இணைப்பு அறுந்தால், வீட்டிலுள்ள வடியையோ துருவேறிய பொருத்தொன்றையோ ஐயுறுக. சூரியன் மறையும்போது மார்ஜின் இறங்கி விடியலில் ஏறினால் வானொலியை நினைக்க வேண்டும். மத்திய அலைகள் இரவில் மேல்வளியிற் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் செல்வன. மத்திய அலைவரிசை முழுவதும் ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸின் மீடிறன் வெளிக்குள்ளேயே கிடக்கின்றது. எம்மவர் நெடுங்காலம் செவிமடுத்த தூத்துக்குடி வானொலியின் மீடிறன் 1053 கிலோஹேட்ஸ். அதனை 4.3125ஆற் பிரித்துப் பார்க்கும் மாணவர் 244ஆம் ஓடையில் வந்து நிற்பர். மரத்தின் மேற் செல்லும் கம்பி ஓர் உணர்கொம்பாகி அவ்வலையை ஏற்றால், 244ஆம் ஓடையும் அதன் அயலோடைகளும் சுமை குறைந்து பள்ளமாகத் தோன்றும். ஓடைவாரியாகப் பிற்றுக்களை வரைந்து காட்டும் படத்தை டீஸ்லாமிலிருந்து பெறலாம். அப்படத்தைப் பாராது கம்பியைப் பற்றி முடிவு கூறுபவர், நாடி பிடியாது மருந்து கொடுக்கும் வைத்தியரை ஒப்பர்.

மற்றொரு பள்ளமும் அப்படத்திற் காணலாம். முன்னொரு காலத்தில் வேறொரு வீட்டுக்குச் சென்று, பின் பயனற்று விடப்பட்ட கிளைக்கம்பி, வெட்டப்படாது இணையோடு தொங்கிக்கொண்டிருப்பதுண்டு. அதன் நுனிவரை சென்று திரும்பும் குறி, நேரே செல்லுங் குறியோடு சில மீடிறன்களில் எதிர்ப்பட்டு அதனை அழிக்கும். கிளையின் நீளம் அலைநீளத்தின் காற்பங்காகும் மீடிறனில் முதற் பள்ளம் விழும். கம்பியிற் குறியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 20 கோடி மீற்றர். ஆகவே 50 மீற்றர்க் கிளை 1000 கிலோஹேட்ஸ் அளவில் பள்ளம் பறிக்கும். பேசுவோருக்கு ஐம்பதாண்டு காலம் ஒரு தீங்கும் செய்யாதிருந்த அக்கிளை, இணையம் வந்த நாளிலே பழுதாகிவிட்டது.

பழுதாயும் முறைக்கு வருவாம். அடியிலிருந்து மேலே செல்க என்பது பொது விதி. ஆயினும் அதற்கு முன் ஒரு வினா உண்டு: விழுந்தவர் ஒருவரா பலரா? ஓரட்டையிலுள்ள அனைவரும் ஒருங்கே விழுந்தால் அட்டையை நோக்குக. பெட்டி முழுதும் விழுந்தால் மின்வழங்கலையும் பெருவழியையும் நோக்குக. ஒருவர் மாத்திரம் விழுந்தால் அவர் கம்பியை நோக்குக. இவ்வினாவைக் கேளாது வீடு வீடாக ஆள் அனுப்பிய கதைகள் தொழிலிற் பல உள.

ஒருவருடைய கம்பி என்று தெளிந்தபின், அவர் வீட்டிலேயே தொடங்குக. பிரித்தானிய வீடுகளில் முதற் கொளுக்கியின் முகப்பைக் கழற்றினால் உள்ளே சோதனைக் கொளுக்கி ஒன்று இருக்கும். அதில் மோடத்தைப் பொருத்தும்போது வீட்டினுள் ஓடும் கம்பிகள் யாவும் நீங்கிவிடுகின்றன. அவ்விடத்து வேகம் உயர்ந்தால் பழுது வீட்டினுள் உளது. அந்நாட்டு வீடுகளில் மணிக்கென ஒரு மூன்றாங் கம்பி ஓடுவதுண்டு. அது துணையின்றித் தனித்தோடுவதால் இரைச்சலை வாரிக் கொணரும். பிற்காலத்துத் தொலைபேசிகளுக்கு அக்கம்பி வேண்டுவதில்லை. அதனைக் கழற்றிய அளவிலேயே வேகம் கூடிய வீடுகள் பல. இரண்டு நிமிட வேலை, செலவு ஒன்றுமில்லை. ஆனால் புதிய மோடம் ஒன்றை அஞ்சலில் அனுப்புவது கொம்பனிக்கு அதனினும் எளிதாயிருந்தமையால், பழுதற்ற மோடங்கள் பல குப்பைக்குச் சென்றன.

வீடு நலமெனின் கம்பியை அளக்க வேண்டும். நிலையத்தில் ஒரு முனையைக் குறுக்காகச் சேர்த்துவிட்டுத் தடையை அளந்தால், 0.5 மில்லிமீற்றர்ச் செப்பிணை கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 175 ஓமும், 0.4 மில்லிமீற்றர் இணை ஏறத்தாழ 274 ஓமும் காட்டும். செம்பின் தடைத்திறனை அறிந்த மாணவர் இதனைத் தாமே கணித்துச் சரிபார்க்கலாம். கணக்கை மிஞ்சிய தடை கண்டால், அல்லது இணையின் ஒரு கம்பி மற்றையதினும் மிகுந்த தடை காட்டினால், ஒரு பொருத்துத் துருப்பிடித்துள்ளது. இத்தகைய பொருத்தின் இயல்பு விந்தையானது. பேசுதற்குத் தொலைபேசியை எடுத்தவுடன் நிலையத்து 48 வோல்ற்று மின்கலத்திலிருந்து ஓட்டம் பாய்ந்து துருவை ஊடுருவிப் பொருத்தைச் சிறிது நேரம் நலமாக்கிவிடும். சோதிப்பவர் தொலைபேசியை எடுத்துக் கேட்கின்றார், ஓசை தெளிவாயுள்ளது, ‘பழுதில்லை’ என்றெழுதிச் செல்கின்றார். அவர் தெரு திரும்புமுன் இணைப்பு மீண்டும் அறுகின்றது. சந்தாதாரர் பொய் கூறினாரல்லர்; சோதனையே பழுதை மறைத்துவிட்டது.

அதனினும் விந்தை ஒன்றுண்டு. இணையின் ஒரு கம்பி முழுதும் அறுந்துபோனாலும், டி.எஸ்.எல். சில வேளை இசைந்து நிற்கும். உயர் மீடிறன் சிறு இடைவெளியைக் கொள்ளளவத்தின் வழியே தாண்டிச் செல்லும். தொலைபேசியோ ஊமையாகக் கிடக்கும், மெலிவு மிக உயர்ந்திருக்கும், வேகம் தவழும். ‘இணையம் வருகின்றதே, ஆகவே கம்பி நலம்’ என்று கருதுவது இங்குப் பெரும் பிழை. அறுந்த இடத்தை அறிய மின்துடிப்பொன்றை அனுப்பி எதிரொலி மீளும் நேரத்தை அளக்கும் கருவி உண்டு. பத்து மைக்கிரோசெக்கனில் எதிரொலி வந்தால் அறுந்த இடம் ஒரு கிலோமீற்றர் தூரத்திலுள்ளது. அங்குச் சென்று தோண்டுக. வேறிடத்திற் பத்துமுறை தோண்டியதைக் காட்டிலும் இது நன்று.

கம்பி, வீடு, அட்டை மூன்றும் நலமாயிருந்தும் இணைப்பு அறுமாயின் செய்வது யாது? இதற்கு வேல்ஸ் நாட்டிற் போயிஸ் மாவட்டத்திலுள்ள அபெர்ஹோசன் என்னும் சிற்றூரின் செய்தியைக் கூறுதல் தகும். அவ்வூரிற் பதினெட்டு மாதகாலம் ஒவ்வொரு நாட் காலையிலும் இணையம் தளர்ந்து அறுந்தது. அயலூரார்க்கும் அத்தொல்லை உண்டாயிற்று. கம்பிவலையைப் பேணும் ஓப்பன்றீச் நிறுவனத்தார் பலமுறை வந்து சோதித்தனர், வலையமைப்பிற் பழுதில்லை. ஐயத்துக்கிடமான கம்பிகளை மாற்றினர், பயனில்லை. கொரோனாத் தொற்றினால் மக்கள் வீட்டிலிருந்தே தொழில் செய்யவும் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடங் கேட்கவும் நேர்ந்த 2020ஆம் ஆண்டும் அக்காலத்துள் அடங்கும் என்பதை நினைத்தால், அவ்வூரார் பட்ட இன்னல் விளங்கும்.

ஈற்றில் ஊழியர் சிலர், மீடிறன்களை அளந்து காட்டுங் கருவியொன்றைக் கையிலேந்தி, கொட்டும் மழையிற் காலை ஆறு மணிக்கே ஊருக்குள் மேலுங் கீழும் நடந்தனர். ஏழு மணியானதும் கருவியில் இரைச்சல் வெடித்தெழுந்தது. அது வந்த திசையைப் பின்பற்றிச் சென்றபோது ஒரு வீட்டை அடைந்தனர். அவ்வீட்டார் வாங்கியிருந்த பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று, நாடோறும் ஏழு மணிக்குத் திறக்கப்பட்டதும், பரந்த மீடிறன்களிற் கடும் இரைச்சலை வீசி ஊர்க் கம்பிகள் அனைத்தையும் கலக்கிற்று. செய்தி அறிந்த வீட்டார் பெரிதும் நாணி, இனி அதனைத் தொடுவதில்லை என உடன்பட்டனர். அன்றோடு தொல்லை ஒழிந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் இச்செய்தி வெளிவந்தபோது உலகெங்கும் பலர் நகைத்தனர்.

யாம் நகைக்கவில்லை. அவ்வூர்க் கம்பிகளுக்குரிய பதினைந்து நிமிடப் பக்கங்களில் ஏழு மணி என்னும் குறிப்பு நாடோறும் எழுதப்பட்டே இருந்திருக்கும்; அக்கணக்கு அதற்கெனவே வைக்கப்படுவது. ஒரு கம்பியின் பக்கத்தை மாத்திரம் பார்ப்பவர்க்கு அது கம்பியின் பழுது. ஊரின் எல்லாக் கம்பிகளின் பக்கங்களையும் ஒருங்கே அடுக்கி, நேரத்தை நோக்குபவர்க்கு அது கம்பிக்கு வெளியிலுள்ள பழுது. பல கொம்பனிகளில் ஊழியரின் திறமை, நாளொன்றுக்கு அவர் எத்தனை முறையீடுகளை முடித்தார் என்னும் எண்ணாலே அளக்கப்படுகின்றது. அங்ஙனம் அளக்கப்படுபவர் ஒவ்வொரு வீட்டையுந் தனித்தனிப் பழுதாகக் கருதி ஒரு பொருளை மாற்றிவிட்டுச் செல்வர்; விடியுமுன் எழுந்து மழையில் நடக்க அவருக்கு நேரமுமில்லை, ஏவுவாருமில்லை. பழுது கருவியில் மாத்திரம் இருப்பதன்று. வேலையைப் பகிரும் முறையிலும் இருப்பதுண்டு.

பழுதாய்வோர்க்கு இன்னும் ஒரு வார்த்தை கூறவேண்டும். ஒரே நேரத்தில் இரு பொருளை மாற்றாதீர். மோடத்தையும் மாற்றிப் புரொபைலையும் மாற்றியபின் கம்பி நலமடைந்தால், எதனால் நலமடைந்தது என்பது ஒருவர்க்குந் தெரியாது. மாற்றியதையும் மாற்றிய நேரத்தையும் குறித்துவைக்க. மாற்றுமுன் பழைய எண்களைப் படியெடுத்துக்கொள்க. இசைவு புதிதாகும்போது அவற்றுட் பல அழிந்துவிடும். முறையீடு வந்தவுடன் ‘மோடத்தை அணைத்துத் திறந்து பாருங்கள்’ என்று தொலைபேசியிற் கூறுவோர், பல வேளைகளில் வழக்கின் சாட்சியையே அழித்துவிடுகின்றனர்.

அணைத்துத் திறப்பதால் வேறொரு தீங்கும் உண்டு. பிரித்தானியாவிற் போலப் பல இடங்களில் கம்பியின் நடத்தையை நோக்கித் தானே புரொபைலை மாற்றும் கணினி முறை நிறுவப்பட்டிருந்தது. கம்பி அடிக்கடி அறுவது கண்டால் அது வேகத்தைக் குறைத்து மார்ஜினைக் கூட்டி இன்டர்லீவிங்கையும் ஏற்றிவிடும். பொறுமையிழந்த சந்தாதாரர் மோடத்தை நாளுக்குப் பலமுறை அணைத்துத் திறப்பாராயின், இறுதி மூச்சுச் செய்தி சரிவரச் சேராத இடங்களில், அக்கணினி அதனையும் கம்பியின் நோயென்றே கருதும். வேகத்தை மீட்க அவர் செய்த முயற்சியே வேகத்தைப் பறித்துவிடும்.

இதனால், பழுது தீர்ந்தபின்னும் ஊழியருக்கு ஒரு வேலை எஞ்சுகின்றது. துருவேறிய பொருத்தை வெட்டிப் புதிதாக இணைத்தாயிற்று. தடை கணக்கோடு ஒத்தது. பிழைச் செக்கன்கள் நின்றன. ஆயினும் நோய்க்காலத்தில் இட்ட கட்டுப்பாடு டீஸ்லாமின் புரொபைலில் அப்படியே கிடக்கும். கணினி தானாக அதனைத் தளர்த்தப் பல நாளோ வாரமோ செல்லும். வீட்டார், வேகம் முன்போலவே இருப்பது கண்டு, வந்தவர் ஒன்றுஞ் செய்யவில்லை என்று மீண்டும் முறையிடுவர். மீண்டும் ஒருவர் வருவார். நல்ல பொருத்தை மீண்டும் வெட்டுவார். ஆகவே ஏணியிலிருந்து இறங்கிய ஊழியர், வண்டியில் ஏறுமுன் நிலையத்தாரை அழைத்து, அக்கம்பியின் புரொபைலைப் பழைய நிலைக்கு மாற்றச் சொல்லி, மோடம் மீண்டும் இசைந்து புதிய வேகங் காட்டும்வரை அவ்வீட்டு வாயிலிலேயே நிற்றல் வேண்டும். பின்னர் ஒரு கிழமை சென்றதும், இடையில் ஒருமுறையேனும் மழை பெய்திருப்பின், அக்கம்பியின் பக்கத்தைத் திறந்து பார்த்து, அதன்பின்னரே பதிவேட்டில் அதனை முடிக்க வேண்டும்.